ஐஸ் சாயமும் இரண்டு வார ஸ்பிரிண்டும்

என் கணவர் காருக்குள் எரியும் ஒரு விளக்குக்காக ஆறு வருடம் உழைத்தார். கதவு சரியாக மூடாவிட்டால் ஸ்டியரிங்குக்கு முன்னால் சிவப்பாக ஒரு சின்னப் படம் எரியுமே, அதற்கு. காரை அவர் செய்யவில்லை, கதவைச் செய்யவில்லை, விளக்கையும் செய்யவில்லை. 'கதவு திறந்திருக்கிறது, எரி' என்று விளக்குக்குச் சொல்லும் மென்பொருளை அவரும் இன்னும் பதினோரு பேரும் சேர்ந்து எழுதினார்கள். எங்கள் வீட்டு பிரிட்ஜின் கதவைத் திறந்தாலும் விளக்கு எரிகிறதே, அதை எத்தனை பேர் எழுதினார்கள் என்று ஒருநாள் கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கொரோனாவுக்குப் பிறகு அவருடைய அலுவலகம் சென்னையிலிருந்து திண்டிவனத்துக்கு, எங்கள் வீட்டு ஹாலுக்கே வந்துவிட்டது. காலை ஒன்பதரைக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு எழுந்து நிற்பார். அவர்கள் வேலை செய்யும் முறைக்கு அஜைல் என்று பெயர். முன்பெல்லாம் ஒரு காருக்கான மென்பொருளுக்கு இரண்டு வருடம் திட்டம் போட்டு, எழுதி, கடைசியில்தான் தப்பு என்று கண்டுபிடிப்பார்களாம். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறையே தப்பு என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். அந்த இரண்டு வாரத்துக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். ஓட்டம் என்று அர்த்தம். ஓடுகிறவர்கள் தினமும் காலையில் கூடி மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எனக்கு என்ன தடை. உட்கார்ந்தால் பேச்சு வளரும் என்பதால் நின்றபடி சொல்ல வேண்டும். நின்றபடியே ஒரு மணி நேரம் பேசக்கூடியவர்கள் நாம் என்பது இதைக் கண்டுபிடித்தவர்களுக்குத் தெரியாது. என் கணவர் மட்டும் சுருக்கமாகப் பேசி, எப்போதும் ஒரே மாதிரி முடிப்பார்: "நோ பிளாக்கர்ஸ்." தடை எதுவும் இல்லை.

நான் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பதவியின் பெயரிலேயே இருப்பதால் தனியாகத் தரமாட்டார்கள். வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள், அல்லது மறந்துவிடுவார்கள். வாரத்தில் நான்கு நாள் வேலை. என் பாடம் செயற்கைச் சாயங்கள். பஞ்சு மிட்டாயில் போடக்கூடாது என்று தெரிந்தே போடுகிறார்களே ஒரு ரோஸ், அதிலிருந்து ஜீன்ஸ் பேண்ட்டின் நீலம் வரைக்கும் நான்தான் பொறுப்பு.

அந்தச் சாயங்களில் ஒரு வகைக்கு ஐஸ் சாயம் என்றே பெயர். அனிலினை அமிலத்தில் கரைத்து, அதில் சோடியம் நைட்ரைட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பாத்திரம் ஐஸுக்குள் இருக்க வேண்டும். ஐந்து டிகிரிக்கு மேல் போகக் கூடாது. அப்போது உண்டாகும் டயசோனியம் உப்பு கோபக்கார மாமனார் மாதிரி. குளிர்ச்சியாக வைத்திருக்கும் வரை காரியம் ஆகும். சூடேறினால் உள்ளே இருக்கும் நைட்ரஜன் குமிழி குமிழியாகக் கிளம்பிப் போய்விடும், மிச்சம் ஆஸ்பத்திரி நாற்றமும் பழுப்புத் தாரும்தான். குளிர் மாறாமல் இருக்கும்போதே, நாப்தால் கரைசலில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியை அதில் முக்க வேண்டும். சாயம் துணிக்குள்ளேயே பிறக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளைத் துணி ஆரஞ்சுச் சிவப்பாக மாறும். பதினான்கு வருடமாகப் பார்க்கிறேன், அலுக்கவில்லை.

எங்கள் துறையில் ஒரு பிரிட்ஜ் உண்டு. துறைத்தலைவரின் தயிர் புளிக்காமல் இருக்கும் அளவுக்குக் குளிரும், ஐஸ் உறையாது. அதனால் அனந்தபுரம் பக்கத்திலிருந்து வரும் எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன், மீன் கடையிலிருந்து ஒரு சாக்கில் ஐஸ் கட்டி வாங்கி வருவார். உலகத்திலேயே எங்கள் சாயத்தில்தான் லேசாக வஞ்சிர வாசம் வரும் என்று நினைக்கிறேன்.

போன வருடம் எங்கள் முதல்வர், வணிகவியலில் முனைவர், புதுச்சேரியில் கடலோர விடுதி ஒன்றில் நடந்த இரண்டு நாள் கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். போகும்போது சாதாரணமாகத்தான் இருந்தார். திரும்பும்போது அஜைலோடு வந்தார். கல்லூரியை மதிப்பிட ஒரு குழு வரப்போகிறது. அதற்குள் ஒரு துறையாவது அஜைல் முறையில் இயங்கிக் காட்ட வேண்டும். தொழில்துறையில் யாருக்காவது ஆள் தெரியுமா என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்டார். என் கை உயர்ந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதத்தில் கௌரவ விரிவுரையாளர்களின் கை தானாகவே உயரும்.

வீட்டில் சொன்னால் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எப்ப வரணும்?" என்றார்.

"உங்களுக்கு ஆபீசு?"

"லீவு நெறைய பாக்கி கீது. ரெண்டு வாரம் வர்றேன். ஒரு ஸ்பிரிண்ட் கரெக்டா இருக்கும்."

ஆறு வருடத்தில் என் தங்கை கல்யாணத்துக்குக்கூட ஒன்றரை நாள்தான் லீவு கிடைத்த மனிதர். சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் பெருமைப்பட்டேன்.

மறுவாரம் காலை பாசஞ்சரில் இருவரும் விழுப்புரம் போனோம். அவர் கையில் ஐந்து வண்ணத்தில் ஒட்டுத்தாள் கட்டுகள். ஆய்வகச் சுவரில் மூன்று பத்தி பிரித்தார்: செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது. ஐஸ் சாயம் செய்வதை முப்பத்தெட்டு வேலைகளாக உடைத்து, வேலைக்கு ஒரு தாள் என்று ஒட்டினார்; அவருடைய அலுவலகத்தில் இதைக் கார்டு என்பார்கள். நான் அதைப் பதினான்கு வருடமாக ஒரே வேலையாகச் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

உதவியாளர் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், செவுத்துக்கு இப்பத்தான் பெயின்ட் அடிச்சிக்கினு போனாங்க. சார் இன்னா இப்படிக் காகிதம் ஒட்டிக்கினு கீறாரு?"

"அது அஜைல் அண்ணே."

"அது சரி. உரிச்சா பெயின்ட்டும் சேந்து வரும், சொல்லிட்டேன்."

தினமும் காலையில் பன்னிரண்டு மாணவர்கள் வட்டமாக நின்று மூன்று விஷயம் சொன்னார்கள். முதல் நாளே கிளியனூரிலிருந்து வரும் ஒரு பெண் தெளிவாகச் சொன்னாள்: "நேத்து பீக்கர் கழுவனேன் சார். இன்னிக்கும் பீக்கர்தான் கழுவணும். தடை இன்னான்னா, கொழாயில தண்ணி வரல."

என் கணவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆறு வருடத்தில் ஒருவர் வாயிலிருந்து உண்மையான தடை ஒன்று வந்து அவர் கேட்டதில்லை போலிருக்கிறது. நேராக மாடிக்குப் போனார், பிளம்பரைப் பிடித்தார், அரை மணி நேரத்தில் தண்ணீர் வந்தது. அதற்காக நான் இரண்டு வருடமாக மூன்று கடிதம் எழுதியிருந்தேன். அஜைலைப் பற்றி எனக்கு இருந்த கிண்டலெல்லாம் அன்று ஒரு நாள் வாயைத் திறக்கவில்லை.

எனக்குப் புதன்கிழமை வகுப்பு கிடையாது. நான் போகாத நாளில் அவரும் போகமாட்டார்; அன்றைக்கு லீவு போடவில்லை என்பார். வழக்கம்போல ஒன்பதரைக்கு ஹாலில் எழுந்து நிற்பார். அந்தப் புதன்கிழமை திண்டிவனத்தில் பராமரிப்புக்காக மின்தடை. ஒன்பது மணிக்கெல்லாம் போய்விட்டது. இன்வெர்ட்டர் ரிப்பேருக்குப் போயிருந்தது. என் போனில் சார்ஜ் இல்லாததால், அவருடைய போனை எடுத்துச் சமையலறையில் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தேன். பேசி முடித்து ஹாலுக்கு வந்தபோது அவர் ஜன்னல் பக்கம் பார்த்து நின்றுகொண்டு, ஹெட்போனில், நேற்று எதை முடித்தேன், இன்று எதைச் சோதிக்கப்போகிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். சுவரில் மோடம் இருண்டு கிடந்தது. அவருடைய போன் என் கையில் இருந்தது. இணையம் வருவதற்கு வீட்டில் மூன்றாவது வழி கிடையாது.

"நோ பிளாக்கர்ஸ்," என்று முடித்தார்.

"ஏங்க, கரண்ட் போயி அர மணி நேரம் ஆவுது."

திரும்பவில்லை. ஹெட்போனை மெதுவாகக் கழற்றினார்.

"எவ்ளோ நாளா?" என்று கேட்டேன்.

"இருபத்தி மூணு நாளா."

சோபாவில் உட்கார்ந்துதான் சொன்னார். காரின் பின்கதவு திறந்திருக்கும்போது ரிவர்ஸ் கியர் போட்டால் அந்தச் சிவப்பு விளக்கு ஒருமுறை மின்னி அணைந்துவிடுகிறது என்று கண்டுபிடித்தவரே அவர்தான். ஸ்பிரிண்ட் முடிய ஒரு நாள்தான் இருந்தது. மேலாளர் சொன்னாராம்: "கார்டை 'முடிந்தது'க்கு நகர்த்துங்க, அடுத்த ஸ்பிரிண்ட்ல புது கார்டு போட்டுப் பாத்துக்கலாம்." நகர்த்தினார். அடுத்த ஸ்பிரிண்டில் வேறு வேலைகள் வந்தன. புது கார்டை யாரும் போடவில்லை, அவரும் போடவில்லை. சோதனை ஓட்டத்தில் கார் கம்பெனிக்காரர்களே கண்டுபிடித்தார்கள். அடிபட்டவர் யாருமில்லை. ஆனால் கார்டில் இவர் பெயர் இருந்தது.

"தப்பு யார்துன்னு பாக்க மாட்டோம், மொறையிலதான் தப்பு எங்கன்னு தேடுவோம்னு சொல்வீங்களே?"

"தேடினாங்க. மொறையிலதான் தப்புன்னும் கண்டுபுடிச்சாங்க. ஆனா மொறைய வேலைய விட்டுத் தூக்க முடியாதே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"டெய்லி காலைல சொல்லிடலாம்னுதான் எழுந்து நிப்பேன். வாயத் தொறந்தா நோ பிளாக்கர்ஸ்னுதான் வருது."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நொடியே கோபம் வந்தது. வேலை போனதற்குக் கோபமில்லை. இருபத்து மூன்று நாள் ஒரு மனிதர் என் கண் முன்னால் வெறும் ஜன்னலோடு கூட்டம் நடத்தியிருக்கிறார். ஐந்து டிகிரிக்கும் ஆறு டிகிரிக்கும் வித்தியாசம் சொல்லத் தெரிந்த நான், பக்கத்தில் நின்று தோசை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் கோபத்தை என் மேல் காட்டிக்கொள்ள முடியாததால் அவர் மேல் காட்டினேன். மிக்சி ஓடாததற்கும் அவரையே திட்டினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அப்புறம் எழுந்து போய், மதியச் சமையலுக்கு வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ள வெங்காயம் வசதியான சாக்கு. நானும் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் உரித்தேன்.

"நாளைக்குக் காலேஜுக்கு வர்றீங்களா?" என்றேன்.

"எனக்கு இருக்கற ஒரே ஸ்பிரிண்ட் அதுதானே," என்றார்.

குழு வந்தது புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமையில். மதியம் மூன்று மணிக்கு எங்கள் ஆய்வகம் என்று அட்டவணை. வழக்கமான மீன் கடை பூட்டியிருந்தது. புரட்டாசிச் சனிக்கிழமையில் விழுப்புரத்தில் மீன் விற்காது என்பது முப்பத்தெட்டு ஒட்டுத்தாளில் எதிலும் எழுதப்படவில்லை. ஊரிலேயே பிறந்து வளர்ந்த நானும் யோசிக்கவில்லை. அண்ணன் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஐஸ் தேடிக் கிளம்பினார். மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தோம்.

பத்தரைக்கே குழு வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்ததாம். முதல்வர் முன்னால் ஓடி வந்தார். சுவரைப் பார்த்தார். முப்பத்தேழு தாள்கள் 'முடிந்தது' பத்தியில் இருந்தன. 'ஐஸ் வாங்கிச் சாயம் செய்து காட்டுதல்' என்ற ரோஸ் தாள் மட்டும் நடுவில் தனியாக இருந்தது. அவர் கண்ணுக்கு அது ஒழுங்காகப் படவில்லை போலும். தானே உரித்து மூன்றாவது பத்தியில் ஒட்டினார். அதற்குள் குழுவினர் மூவரும் உள்ளே வந்துவிட்டார்கள்: தலைவியாக ஓர் அம்மையார், கூட இரண்டு பேராசிரியர்கள்.

என் கணவர் சுவருக்குப் போனார். ரோஸ் தாளை எடுத்தார். மறுபடியும் நடுப் பத்தியில் ஒட்டினார்.

"என்ன சார் பண்றீங்க?" என்றார் முதல்வர், சிரித்த முகம் மாறாமல், பல்லுக்கு நடுவே.

"இது இன்னும் முடியல சார். ஐஸ் வரல."

"பரவால்ல, ஐஸ் இல்லாம கொஞ்சமா செஞ்சி காட்டிடுங்க. பத்து நிமிஷம்தான் இருப்பாங்க." என் பக்கம் திரும்பினார். "மேடம், என்ன?"

இந்த இடத்தில் நான் வேதியியலின் மானத்தைக் காப்பாற்றினேன் என்று எழுத ஆசைதான். என் வாய் "சரிங்க சார்" என்றது. என் கை நைட்ரைட் பாட்டிலுக்குப் போனது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம். ஐஸ் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எத்தனையோ தேர்வுத்தாளில் கேள்வி கேட்டிருக்கிறேன். தப்பாக எழுதியவர்களுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

"ஐஸ் இல்லாம வராது சார்," என்றார் என் கணவர். "பொகையும் தாரும்தான் வரும்."

"உங்க கம்பெனியில இப்படித்தானா? வந்தவங்க முன்னாடி முடியலன்னு சொல்வீங்களா?"

"இல்ல சார். அங்க முடிஞ்சிடுச்சுன்னு சொன்னேன். அதனாலதான் இப்ப அங்க இல்ல."

மாணவர்கள் பன்னிரண்டு பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நான் பாட்டிலிலிருந்து கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டேன். முதல்வர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஆனால் பாட்டிலைத் திரும்பத் தொடவில்லை. என் வீரம் அவ்வளவுதான்.

குழுத் தலைவி கலகலவென்று சிரித்தார். அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார். ஐ.டி.காரர்களுக்கு இப்படி ஒரு நக்கல் உண்டு என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். சுவர் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒட்டுத்தாள்களுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சாயத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. ஆறு நிமிடத்தில் போய்விட்டார்கள். பிறகு வந்த அறிக்கையில் எங்கள் துறைக்கு ஒரே ஒரு வரி: 'வண்ணமயமான கற்றல் சூழல்.' அந்த வண்ணம் கடையில் வாங்கிய காகிதத்துடையது.

பதினொன்றரைக்கு அண்ணன் சாக்கோடு வந்தார். "மூணு கடை ஏறி எறங்கிட்டேன் மேடம். கடைசீல ரோஸ் மில்க் கடையில குடுத்தான். பேஜாரு புடிச்ச ஆளு, கல்யாணமா கருமாதியான்னு கேக்கறான். எங்க, வந்தவங்கள காணம்?"

"போயிட்டாங்க அண்ணே."

"அப்ப ஐஸு?"

மாணவர்கள் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். "செஞ்சிடலாம்," என்றேன்.

செய்தோம். வெப்பமானி மூன்று டிகிரி காட்டியது. நைட்ரைட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டது கிளியனூர்ப் பெண். நாப்தாலில் நனைந்த துணியை எடுத்துப் பிழியுங்கள் என்று நான் மாணவர்களிடம் சொல்ல, உற்சாகத்தில் என் கணவர் கையுறை போடாமல் பிழிந்துவிட்டார். கத்தினேன். அதற்குள் துணியைக் கொண்டுபோய்க் குளிர்ந்த கரைசலில் கையோடு முக்கிவிட்டார். துணி சிவந்தது. விரல்களும் சிவந்தன.

மாணவர்கள் கைதட்டினார்கள். அவர் சொட்டும் துணியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். சோப்பு போட்டுக் கழுவச் சொல்லி நான் விரட்டியது காதில் விழவில்லை. ஆறு வருடம் எழுதிய விளக்கு நிஜக் காரில் எரிந்து அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை என்று ரயிலில் திரும்பும்போதுதான் சொன்னார். எல்லாம் திரையில் வரும் படம்தானாம். விக்கிரவாண்டி வரும் வரைக்கும் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சுவரிலிருந்து தாள்களை உரித்தபோது பெயின்ட்டும் சேர்ந்து வந்தது. அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அறிக்கையின் அந்த ஒரு வரி முதல்வரைக் குளிர்வித்துவிட்டது. கூடவே என்னைக் கல்லூரி முழுமைக்கும் அஜைல் ஒருங்கிணைப்பாளராக நியமித்தார். இதுவும் கௌரவப் பதவிதான். தமிழ்த்துறையின் முதல் காலைக் கூட்டம் நின்றபடியே மதியச் சாப்பாடு வரைக்கும் நடந்தது.

அடுத்த வாரம் என் கணவர் சென்னைக்கு ஒரு நேர்முகத்துக்குப் போனார். எலுமிச்சம்பழம், தேங்காய் எண்ணெய், துணி சோப்பு எதற்கும் அந்தச் சாயம் மசியவில்லை. மருதாணியா என்று கேட்டார்களாம். இவர் ஐஸ் சாயத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேசியிருக்கிறார். பிறகு தெரிவிக்கிறோம் என்றார்கள், தெரிவிக்கவில்லை. இன்னும் மூன்று இடங்களில் தெரிவிக்கவில்லை. வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்ட இடத்திலெல்லாம் கார்டு நகர்த்திய கதையை அப்படியே சொன்னார். சொல்லாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லலாமா என்று நினைத்ததுண்டு.

பொங்கல் முடிந்து, டிராக்டருக்கு மென்பொருள் எழுதும் ஒரு சின்னக் கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள். வாரத்தில் மூன்று நாள் சென்னைக்கு ரயில். சேர்ந்த முதல் வாரமே, காலைக் கூட்டத்தில், பிரேக் எச்சரிக்கையின் சோதனை இன்னும் ஓடவில்லை, அதுவரை தன் கார்டு நகராது என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். மேலாளர் கூட்டம் முடிந்ததும் கூப்பிட்டு, இதையெல்லாம் தனியாகச் சொல்லலாமே என்றாராம்.

"நீங்க இன்னா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"மறுநாளும் எல்லார் முன்னாடியும்தான் சொன்னேன்."

என் ஒப்பந்தம் முடிய இன்னும் எத்தனை மாதம் என்று விரல்விட்டு எண்ணினேன். ஆனால் மூன்றாம் நாள் சோதனையை ஓட்டியிருக்கிறார்கள். இதை எழுதும் இன்றைக்கு வரைக்கும் அவருக்கு வேலை இருக்கிறது.